கலண்டர்க்காரிக்கு ஒரு நீலக் கதவு

ஆரையம்பதி
19.06.2025

திரு. மீராசாஹிபு அவர்களுக்கு,

கனகரெத்தினம் எழுதுகிறேன். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் நாம் இருவரும் பெயர்ப்பலகை எழுதும் ஒரு போர்ட் கடை வைத்திருந்தோம். எழுத்து வேலை என்னுடையது, படம் உம்முடையது. அது முடிந்து முப்பத்தேழு வருசம். உமது விலாசம் சாய்ந்தமருதில் வேலை செய்யும் ஒரு கிராம சேவகர் மூலம் கிடைத்தது. சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை.

என் மகன் கிசோக் முந்தநாள் தன் ஃபோனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "அப்பா, மூலையில க.மீ. எண்டு கிடக்கு. இது நீங்க கீறின போர்ட்டா?" என்று கேட்டான். கல்முனையில் ஜெமீல் என்பவர் தகப்பனாரின் தையல் கடையைத் திருத்துகிறாராம். முன்னுக்கு இருந்த பிளாஸ்டிக் போர்ட்டைக் கழற்றியபோது, பின்னால் நம்முடைய தகர போர்ட் பழுதில்லாமல் இருந்திருக்கிறது. படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டு, "இந்தப் பெண் யார்? கீறியவர் யார்?" என்று ஊரைக் கேட்டிருக்கிறார்.

பதில் சொல்ல ஊருக்குக் கேட்கவா வேண்டும். கொழும்பில் படித்த பொடியன் ஒருவன், இது ஐம்பதுகளில் அமெரிக்காவில் அச்சடித்த அழகிப் படம், இவர்கள் அதற்குச் சாரி உடுத்தியிருக்கிறார்கள், இடுப்பைச் சுற்றிய அளவு நாடா ஆசையின் அடையாளம் என்று நீளமாக எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புகள்.

உடம்பு வெள்ளைக்காரியுடையது. முகம் என் தங்கச்சி மீனாம்பிகையுடையது. அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். வயது அறுபது. போன வருசம்தான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கிசோக்குக்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீர் கீறிய முகம். நீரே போய் அழித்துவிடும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

சி. கனகரெத்தினம்


சாய்ந்தமருது
24.06.2025

மச்சான் கனகு,

உன்ட கடிதம் வந்தது. 'திரு'வும் 'நீர்'உம் போட்டு எழுதியிருக்கிறாய். சரி, எழுதினாயே, அது போதும். நீ ஃபோன் நம்பர் போடல்ல. போட்டிருந்தாலும் பிரயோசனமில்ல. எனக்குக் காது ரெண்டும் மந்தமாப் போயிட்டு. ஃபோன்ல கதைச்சா ஆரோ கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இரிக்கி. கண் பழுதில்ல. போன வருசம் ரெண்டு கண்ணும் வெட்டி வில்லை வெச்சாங்க. வீட்டில சபூறாவும் சுகமா இரிக்கா, உன்ட கையெழுத்தக் கண்டதும் அவதான் முதல்ல பிடிச்சா, "இது போர்ட் எழுதுறவர்ட எழுத்தெல்லோ" எண்டு.

ஜெமீல்ட கடைக்குப் போய்ப் பார்த்திட்டுத்தான் இத எழுதுறன். அந்த ரோட்டால போய் எத்தின வருசம் எண்டு எனக்கே தெரியாது. பெயின்ற் அவ்வளவா உரியல்ல. நாம அந்தக் காலத்தில எண்ணெய் கூடப் போட்டம்.

கொழும்புப் பொடியன் எழுதினத ஜெமீல் கடதாசியில எழுதித் தந்தான். அந்தப் பொடியன் வெள்ளைக்காரன்ட படத்தப் பத்திச் சொன்னது சரி. நம்மட போர்ட்டுக்குச் சரியில்ல. ஏன் எண்டு உனக்குச் சொல்ல வேணும். கடை குழம்பின அண்டைக்குச் சொல்ல நீ விடல்ல.

அக்கரைப்பற்றுப் பழைய பேப்பர்க் கடையில நீ கண்டெடுத்த கலண்டர் ஞாபகம் இரிக்கா? பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு பேர். 'கலண்டர்க்காரிகள்' எண்டு பேர் வெச்சது நீ. காத்துக்குப் பாவாடை பறக்கிறவ. நாய்க்கயிறு கால்ல சுத்தினவ. வேலிக் கம்பியில உடுப்பு மாட்டினவ. டெலிபோனோட கட்டில்ல கிடக்கிறவ. முதல் கிழமை நாம அதப் பார்த்தது வேலைக்கில்ல, அத மறைக்கத் தேவையில்ல. வயசு அப்படி. மறுகா வேலைக்கெண்டு பார்க்கத் தொடங்கினம். அப்பதான் ஒவ்வொண்டாப் பிடிபட்டது. எல்லாப் படத்திலயும் ஒரு சின்ன விபத்து. எல்லாருக்கும் வாய் வட்டமாத் திறந்திரிக்கி, ஆனா கண்ணில பயமுமில்ல, கோவமுமில்ல. உதட்டுச் சிவப்பும் நகச் சிவப்பும் டெலிபோன் சிவப்பும் ஒரே சிவப்பு. நீ ஒருநாள் சொன்னாய், "இவளுகளுக்கு முன்னால எப்பயும் ஒருத்தன் நிக்கான். அவனத்தான் கீறாம விட்டிருக்காங்க" எண்டு. அதுக்குப் பிறகு எனக்கு அந்தப் படங்கள வேற மாதிரிப் பார்க்க ஏலாமப் போச்சு.

நான் கண்டது இன்னொண்டு. அவளுகளுக்குப் பின்னால ஒண்டுமில்ல. சுவரில்ல, மரமில்ல, வெறும் வெள்ளைக் கடதாசி. காலுக்குக் கீழ ஒரு துண்டு நிழல். ஊருமில்ல, வீடுமில்ல, உம்மா வாப்பா இல்ல. அதாலதான் பார்க்கிறவனுக்குக் கூச்சம் வாறல்ல எண்டு நினைச்சன். அதுக்காகத்தான் நம்மட போர்ட்டில ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் குடுத்தன். குடைக்கடைக்காரிக்கு பஸ் நிலையம். டெலிபோன்காரிக்கு மேசையும் பைலும்.

ஆவணி மாசக்காரிதான் அளவு நாடாவோட நிண்டவ. தையல் கடைக்கு அவளத்தான் எடுத்தம். சாரி உடுத்தினன், கை நீளச் சட்டை போட்டன். அப்பயும் அவ உடுத்த மாதிரித் தெரியல்ல. வாய் திறந்து கிடந்தது. ஆரோ கதவத் திறந்திட்டான், அவ திடுக்கிட்டு நிக்கா. அந்த ஆள் இன்னும் முன்னால நிக்கான் எண்டு விளங்கிச்சு. அவனக் கலைக்கத்தான் வாய மூடினன், கண்ண நாடாவுக்கு இறக்கினன். அதுக்குப் பிறகு அவ அவட பாட்டுக்கு அளந்தா.

இனிப் பின்னால என்ன கீற எண்டு யோசிச்ச நேரம் என்ட கை உங்கட வீரமுனை வீட்டுக் கதவக் கீறிச்சு. நீலக் கதவு, மேல் கொண்டி உடைஞ்சு கயிறு கட்டினது. அதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி நான் ஏணி எடுக்க வந்தன். நீ குளத்துக்குப் போயிருந்தாய். அம்மா எனக்குத் தேத்தண்ணி தந்திட்டு உள்ள போனா. மீனாம்பிகை உள்கதவடியில நாடாவோட நிண்டா, தலையக் குனிஞ்சு அதப் பார்த்துக்கொண்டு. என்னக் காணல்ல. தேத்தண்ணி குடிச்சு முடியுற நேரம், அவ்வளவுதான். நானும் பார்த்திட்டு வந்திட்டன். அந்த முகம் அவ்வளவு அமைதியா இருந்திச்சு. கேலிக்குக் கீறல்ல கனகு. எனக்கு அப்ப சபூறாவப் பேசி முடிச்சிருந்தாங்க. வேற எண்ணமும் இல்ல, அல்லாஹ் அறிவான்.

அழிக்கச் சொல்றாய். யோசிச்சு இன்னொருக்கா எழுது.

மீரா


ஆரையம்பதி
30.06.2025

மீராசாஹிபு அவர்களுக்கு,

நீர் எழுதியதை ஒரு முறைக்கு மூன்று முறை வாசித்தேன். வாயை மூடிக் கண்ணை இறக்கியதால் அவளுக்கு மரியாதை செய்துவிட்டதாக நினைக்கிறீர். நான் அப்படி நினைக்கவில்லை. கலண்டரில் இருந்தவள் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவள். அது அவள் தொழில். திடுக்கிடுவது போல் நடிக்கிறாள், நடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். உமது படத்தில் இருப்பவளுக்கு ஒன்றுமே தெரியாது. எது பெரிய பிழை என்று நீரே சொல்லும்.

முகத்தைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆயிரம் பேருக்கு ஒரே சாயல் இருக்கும். அந்தக் கதவுதான் என்னைச் சுட்டது. அந்தக் கயிற்றை நிலையில் கட்டியவன் நான்.

உமக்கு முழுவதும் தெரியாது, ஆகவே எழுதுகிறேன். அந்த வருசம் மீனாவுக்கு ஒரு சம்பந்தம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை மண்டூர், நீர்ப்பாசனத்தில் ஓவசியர். நல்ல குடும்பம். ஆவணியில் கலியாணம். ஆடி கடைசியில் அவர்கள் வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. "பெண்ணின் படம் கல்முனையில் தையல் கடை வாசலில் தொங்குகிறது. கீறியவன் தமையனின் முஸ்லிம் கூட்டாளி. வீட்டுக் கதவு வரைக்கும் கீறுகிறவனுக்கு அந்த வீட்டில் என்ன பழக்கம் என்று விசாரியுங்கள்." மாப்பிள்ளையின் தகப்பன் கடிதத்தைக் கையில் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். அவரோடு நானும் கடைக்கு முன்னால் நின்றேன். அவர் மேலே பார்த்தார். பஸ் ஏறிப் போனார். அதோடு சரி.

அதன் பிறகுதான் கடைக்கு வந்து கலண்டரை எரித்தேன். அதற்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

மீனா ஒரு சொல் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தாதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன் என்றாள். கலியாணம் குழம்பிய பெண் வேறென்ன செய்வாள் என்று அம்மாவும் விட்டுவிட்டா. முப்பத்தைந்து வருசம் மற்றவர்களின் புண்ணைக் கழுவினாள். பிறகு ஒரு சம்பந்தமும் வாய்க்கவில்லை. அவள் விடியச் சாமம் வேலை முடிந்து வந்து தனியே இருந்து சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த போர்ட்தான் நினைவு வரும். அந்த வாழ்க்கையை நீர்தான் கீறிக் கொடுத்தீர்.

மொட்டைக் கடிதம் உம்முடைய ஆட்கள் எழுதியது என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு யாராக இருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு தொண்ணூறாம் ஆண்டுக் கலவரம் வந்தது. ஊர் கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் போனோம். உம்மைத் தேடாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கையில் இருந்தது.

கறுப்புப் பெயின்ற் அடியும். முகத்துக்கு மட்டுமில்லை, கதவுக்கும்.

சி. கனகரெத்தினம்


சாய்ந்தமருது
05.07.2025

கனகு,

மொட்டைக் கடிதத்தப் பத்தி இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். நீ வந்து கலண்டர எரிச்ச நேரம், முகம் அவட சாயல்ல வந்ததுக்குத்தான் கோவம் எண்டு நினைச்சன். கலியாணம் நிண்டதெண்டு பிறகு ஆரோ சொன்னாங்க. காரணம் நான் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. என்ட ஆக்கள் எழுதினாங்களோ எண்டு கேட்டா, எனக்குத் தெரியாது. எழுதக்கூடிய ஆக்கள் எல்லா ஊரிலயும் இருந்தாங்க.

கலண்டர்க்காரிக்குத் தெரியும், இவவுக்குத் தெரியாது எண்டு நீ எழுதியிருக்கிறாய். அந்த வரியத்தான் ரெண்டு நாளா யோசிச்சன். நான் நாப்பது வருசமா அதத் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கன். பார்க்கிறவனக் கலைச்சிட்டன் எண்டு நினைச்சன். அந்த ஆள் நான்தான்.

ஜெமீலோட கதைச்சன். பேஸ்புக்கில இருந்து அண்டைக்கே எடுத்திட்டான். நல்ல புள்ள, காரணம் கேட்கல்ல. போர்ட் இன்னும் வாசல்ல இரிக்கி. வாற வெள்ளிக்கிழமை, 11ம் தேதி, ஜும்ஆ முடிஞ்சு வந்து அடிக்கிறன். கச்சான் காத்து அடிக்கிற காலம், சுறுக்காக் காயும். ஏணியில ஏற ஏலுமோ தெரியாது, போர்ட்டக் கீழ இறக்கித் தருவாங்க.

முகத்துக்கும் கதவுக்கும்.

மீரா


சாய்ந்தமருது
12.07.2025

மச்சான் கனகு,

உன்ட பதில் வர முந்தி இத எழுத வேண்டியதாப் போச்சு. நேத்து மீனாம்பிகை வந்தா.

நான் பள்ளியால வந்து பெயின்ற் தகரத்தையும் பழைய பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு ஜெமீல்ட கடைக்குப் போனன். உள்ள ஸ்டூல்ல ஒரு அம்மா குந்தியிருந்தா. மடியில கைப்பை, பக்கத்தில குடை. போர்ட்ட இறக்கிச் சுவரோட சாத்தி வெச்சிருந்தாங்க. அவ அதுக்கு நேர இருந்தா. நான் முகத்தப் பார்த்து அறியல்ல. தலையக் குனிஞ்சு கைப்பையத் திறந்த நேரம் பிடிச்சன்.

"மீரா அண்ணன்தானே? காது கேக்காதெண்டு எழுதியிருந்தீங்க. இஞ்சால வந்து இருங்க, நான் சத்தமாக் கதைக்கிறன்" எண்டா.

நம்மட கடிதமெல்லாம் வாசிச்சிருக்கா. எப்படி எண்டு கேட்டன். "அண்ணன் கடிதத்த மேசையில விரிச்சு, மேல மூக்குக் கண்ணாடியையும் வெச்சிட்டுக் குளிக்கப் போவார். நான் என்ன செய்ய?" எண்டா. நீ அனுப்புற கடிதத்தையும் தபால்ல போட அவட கையிலதானே குடுக்கிறாயாம்.

நான் பெயின்ற் தகரத்தக் கீழ வெச்சன். "தங்கச்சி, உங்கட வாழ்க்கை என்னால..." எண்டு தொடங்கினன். அவ கையக் காட்டி நிப்பாட்டினா.

"முதல்ல ஒண்டு சொல்லுங்க. அண்டைக்கு நான் நாடாவோட என்ன செய்துகொண்டு நிண்டன்?"

"சட்டைக்கு அளவு எடுத்தீங்க."

"இல்ல. என்ட நெடுப்பத்த அளந்தன். தாதி வேலைக்கு நாலடி பத்து அங்குலம் வேணும் எண்டு ஃபோமில போட்டிருந்தாங்க. கதவு நிலையில தலைக்கு மேல பென்சிலால கோடு போட்டு, நிலத்தில இருந்து அளந்தன். நாடாவ மடிச்சு எடுத்து இலக்கத்தப் பார்க்கிற நேரம் நீங்க கண்டிருக்கீங்க. நாலடி ஒம்பதே முக்கால். மூணுதரம் அளந்தும் அதுதான்."

அவ போர்ட்டப் பார்த்தா. "நீங்க ரெண்டு பேரும் பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. ஒராள் இவ அமைதி எண்டார், ஒராள் இவ பாவம் எண்டார். இவ கால் அங்குலத்துக்கு என்ன வழி எண்டு யோசிக்கா. அவ்வளவுதான்" எண்டா.

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அவவும் சிரிச்சா. அதுக்குப் பிறகுதான் மத்தத சொன்னா. இத உனக்கு நான்தான் எழுத வேணும் எண்டா. "நான் சொன்னா அண்ணன் இடையில கத்துவார். கடிதத்தோட கத்த ஏலாது." அதால அவ சொன்னத சொன்னபடி எழுதுறன். இருந்து வாசி.

அந்த மொட்டைக் கடிதத்த எழுதினது அவதான். இடது கையால எழுதியிருக்கா.

"மாப்பிள்ளை கெட்டவரில்ல" எண்டா. "ஆனா கலியாணத்துக்குப் பிறகு வேலைக்கு விடமாட்டம் எண்டு முதல்நாளே சொல்லிட்டாங்க. அம்மாட்டச் சொன்னன், அண்ணனிட்டச் சொன்னன். நல்ல இடத்தக் குழப்பாத எண்டாங்க. ஃபோமப் பதிவுத் தபால்ல போடக் கல்முனைக்கு வந்த நேரம் பஸ்ஸுக்குள்ள இருந்து இந்த போர்ட்டக் கண்டன். முதல்ல கதவக் கண்டன், மறுகா என்னக் கண்டன். கோவம்தான் வந்தது. வீட்ட போற வழியெல்லாம் கோவம். வீரமுனைச் சந்தியில இறங்கிற நேரம், இது எனக்கு உதவும் எண்டு பட்டது."

அவவே தொடர்ந்தா.

"உங்கட பேர அதில இழுத்தது பிழை. ஒரு மாசத்தில ரெண்டு பேரும் சரியாகிடுவீங்க எண்டு நினைச்சன். ஆகல்ல. சொல்லப் பயமா இருந்தது, பயிற்சிய நிப்பாட்டிருவாங்களோ எண்டு. பயிற்சிக்குப் போன கையோட தொண்ணூறு வந்திட்டு. அதுக்குப் பிறகு ஆர் உயிரோட இருக்கா எண்டுதான் தேடினம், இத ஆர் நினைச்சா. அப்படியே வருசம் போயிட்டு. படத்தப் பார்க்க நான் வரல்ல. இதச் சொல்லத்தான் வந்தன்."

எனக்குக் கோவம் வந்தது மச்சான், உன்னிட்டப் பொய் சொல்லமாட்டன். அவ்வளவு வருசம் நான் அந்த ரோட்டால போகல்ல. ஒரு நல்ல கூட்டாளிய இழந்தன். "முப்பத்தேழு வருசம் தங்கச்சி" எண்டன். "தெரியும்" எண்டா. பிழை எண்டு ரெண்டாந்தரம் சொல்லல்ல. நோயாளிக்குப் பக்கத்தில இருக்கிற மாதிரி கைய மடியில வெச்சுக்கொண்டு இருந்தா. ஜெமீல் தேத்தண்ணி கொண்டுவந்தான். குடிச்சம். குடிச்சு முடிய என்ட கோவம் பாதி போயிட்டு. மீதியும் போகும்.

நானும் அவவ ஒளிச்சுப் பார்த்துக் கீறினவன்தானே. அதுக்கு மன்னிப்புக் கேட்டன். "ஓம், அது பிழைதான்" எண்டா. இல்ல, பரவாயில்ல எண்டு சொல்லுவா எண்டு எதிர்பார்த்தன். சொல்லல்ல. அது எனக்கு நல்லதாப் பட்டது.

பெயின்ற்ற என்ன செய்ய எண்டு கேட்டன். "அழிக்கிறதெண்டா அழியுங்க, வைக்கிறதெண்டா வைங்க. எனக்காக எண்டு சொல்லிக்கொண்டு ஒண்டும் செய்யாதீங்க" எண்டா. மூணரை பஸ்ஸுக்கு நான் கொண்டுபோய் ஏத்திவிட்டன்.

அழிக்கல்ல. ஜெமீல் அத உள்ளுக்கு, அயன் பண்ணுற மேசைக்கு மேல கொழுவியிருக்கான். நீ வந்து பார்த்திட்டு அழிக்கச் சொன்னா, அப்ப அழிப்பம்.

அவவோட கோவிக்காத. கோவிச்சாலும் சாப்பாட்ட விடாத, உனக்கு சீனி வருத்தம் எண்டு சொன்னா.

மீரா


ஆரையம்பதி
21.07.2025

மீரா,

உன்ட கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. வாசித்துவிட்டு மூன்று நாள் மீனாவோடு கதைக்கவில்லை. அவளும் கதைக்கவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பாள், மருந்தைப் பக்கத்தில் வைப்பாள், போய்விடுவாள். மண்டூராரோடு அந்த போர்ட்டுக்குக் கீழே நின்ற அவமானம் இருக்கிறதே, அதை எனக்குத் தந்தது என் தங்கச்சி. அதை விழுங்க முடியவில்லை.

நாலாம் நாள் குசினிக்குப் போனேன். தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கால் அங்குலத்துக்கு என்ன செய்தாய்?"

துருவுவதை நிறுத்தாமல் சொன்னாள். "கொண்டைய உயர்த்திக் கட்டிக்கொண்டு போனன். அளந்த மிஸ்ஸி கையால அமத்தினா. கொண்டை இறங்கிச்சு. என்னப் பார்த்தா. 'கழுத்த நேர வெச்சு மூச்ச இழு' எண்டா. நாலடி பத்து எண்டு எழுதினா."

நான் பலகையை இழுத்துப் போட்டு இருந்தேன். பிறகு ஒன்றொன்றாகக் கேட்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். சோறு குழைந்து, கிசோக் பசியில் வந்து எட்டிப் பார்க்கும் வரைக்கும் கதைத்தோம். பயிற்சி முடிந்து முதல் வேலை கிடைத்த இடத்தில் ஒரு டொக்டர் அவளைக் கேட்டிருக்கிறார். இவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. சுனாமி நேரம் வார்டில் நின்று எத்தனை பேரை அவள் கையால் கரை சேர்த்தாள் என்றும் தெரியாது. வருசம் வருசமாக இந்த வீட்டுக்கு மாம்பழமும் தயிரும் கொண்டு ஆட்கள் வருவார்கள். யாரோ பழைய நோயாளிகள் என்று எழும்பி உள்ளே போய்விடுவேன். அவள் தனியே இருந்து சாப்பிடுவதைப் பார்த்துக் கவலைப்பட்டேன் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. அதைச் சொன்னேன். "இருபது பேர்ட சத்தத்துக்குள்ள நிண்டிட்டு வாறன் அண்ணன். அந்த ஒரு நேரம்தான் எனக்கு நிம்மதி" என்கிறாள்.

இவ்வளவு காலம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து அவளுக்காகக் கவலைப்பட்டிருக்கிறேன். ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. நீ ஒரு தேத்தண்ணி நேரம் பார்த்தாய் என்று உன்னைக் குற்றம் சொன்னேன். நான் அதுவும் பார்க்கவில்லை.

மொட்டைக் கடிதத்துக்கு மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அதை அவளுக்கும் சொன்னேன். "எடுங்க" என்றாள்.

உன்ட ஆட்களைச் சந்தேகப்பட்டதுக்கு என்னை மன்னித்துக்கொள். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கடிதத்தை நாலு நாள் இழுத்தேன். தொண்ணூறில் நாங்கள் அகதி முகாமில் இருந்தபோது நீ எங்களைத் தேடி ஒரு ஆளை அனுப்பினாய். இரண்டு உரப்பை அரிசியும் பால்மாவும் கொண்டுவந்து, வீரமுனைக் கனகரெத்தினம் குடும்பம் இருக்கிறதா என்று வாசலில் கேட்டார். அவர் கேட்டது என்னிடம்தான். அப்படி ஒருவர் இல்லை என்றேன். அவர் சாமானை மற்றக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு என்ட பிள்ளைக்குப் பாலில்லை. நான் செத்துவிட்டேன் என்று நீ எத்தனை வருசம் நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மீனாவுக்கு நேற்றுச் சொன்னேன். அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

போர்ட் இருந்தபடி இருக்கட்டும். அதைப் பார்க்க நான் கல்முனைக்கு வருவேன், ஆனால் முதலில் நீ இங்கே வா. ஆவணி பிறக்க முந்தி, ஓகஸ்ட் 2ம் தேதி சனிக்கிழமை. சபூறாவையும் கூட்டிக்கொண்டு வா. காலை பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்கு ஆரையம்பதிச் சந்தி. கிசோக் வந்து நிற்பான்.

சாப்பாட்டுக்கு யோசிக்காதே. கோழியைக் காத்தான்குடியில் உங்கட ஆட்களின் கடையில் எடுத்துவரச் சொல்லி மீனா இப்பவே கிசோக்கிடம் சொல்லிவிட்டாள். இந்த வீட்டுச் சட்டியில் என்னென்ன காய்ச்சியிருக்கிறோமோ என்று, நேற்றுச் சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டி ஒன்றும் வாங்கி வந்திருக்கிறாள்.

கனகு